மலிவு கேமராவும் மட்டமான கேமராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்பவர்களில் பாதிப் பேர் வாங்கி முடித்த பிறகுதான் கேட்கிறார்கள் என்பதால் சில பதில்களில் கொஞ்சம் எரிச்சல் தெரியலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த கேமரா என்றாலே தரமும் குறைவுதானே?

இல்லை. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் கேமராவின் விலை 25 டாலர். நூறு படம் எடுத்து முடித்ததும் கேமராவையே பார்சல் கட்டி அனுப்ப வேண்டும். பத்து டாலர் வாங்கிக்கொண்டு படங்களைக் கழுவிக் கொடுத்து, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அது. அதே நிறுவனம் 1900இல் பிரவுனி என்ற கேமராவை ஒரு டாலருக்கு விட்டது. ஓர் அட்டைப் பெட்டி, முன்னால் சாதாரண வில்லை, ஒரு ஷட்டர் நெம்பு, அவ்வளவுதான். ஆறு படத்துக்கான சுருள் 15 சென்ட். வெயிலில் அசையாமல் நின்றவரை எடுத்தால் படம் விழும். அதற்கு மேல் அந்தப் பெட்டி எதையும் வாக்களிக்கவில்லை.

நம் நாட்டில் அந்த இடத்தைப் பிடித்திருந்தது பரோடாவில் செய்யப்பட்ட அக்ஃபா கிளிக் 3. எங்கள் வீட்டு ஆல்பத்தில் முதல் பத்துப் பக்கங்கள் அதில் எடுத்தவைதான். 120 என்ற அளவுச் சுருள் ஒன்றைப் போட்டால் 12 சதுரப் படங்கள். அந்தச் சுருள் உதகையில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ சுருளாகவும் இருக்கலாம். அத்தையின் மடியில் நான் மொட்டைத் தலையோடு அழும் படம் ஒன்று இருக்கிறது. ஓரங்கள் கலங்கித் தெரிகின்றன. ஆனால் அத்தையின் மூக்குத்திக் கல் தனியாகத் தெரிகிறது. லென்ஸ் ஒன்றும் பெரிய லென்ஸ் இல்லை. நெகட்டிவ் 6 சென்டிமீட்டர் சதுரம், அதைக் கிட்டத்தட்ட அதே அளவில் காகிதத்தில் அச்சிட்டுவிடுவார்கள். பெரிதாக்கினால்தானே லென்ஸின் குறை வெளியே வரும்? லென்ஸில் மிச்சம் பிடித்துவிட்டு சுருளில் தாராளமாக இருந்தார்கள். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் கோடாக்கிடமே உண்டு. 1982இல் வந்த டிஸ்க் கேமரா கையடக்கமானது, பிளாஷ் உள்ளேயே இருந்தது, லென்ஸும் கண்ணாடியில் கவனமாகச் செய்தது. ஆனால் நெகட்டிவ் 8க்கு 10 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகம் அளவு. சாதாரண அச்சுக்குப் பெரிதாக்கினாலே படமெல்லாம் ரவை கொட்டியதுபோல் ஆனது. பத்தாண்டு முடிவதற்குள் கேமராவை நிறுத்திவிட்டார்கள்.

ஒரே நிறுவனம் ஏன் ஒரே மாதிரி பத்து மாடல்களை விடுகிறது?

ஓட்டலில் ஒரே மாவில் சாதா தோசை, நெய் தோசை, பொடி தோசை என்று பட்டியல் போடுவதில்லையா? அதேதான். வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரையும் அதோடு வேலை செய்யும் சிப்பையும் உருவாக்கத்தான் செலவு. உருவாக்கிவிட்டால் ஒன்றையே நாலு உடலில் போட்டு நாலு விலைக்கு விற்கலாம். இதில் தவறில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், சாதா தோசை கேட்டவருக்குத் தோசையைச் சுட்டு, நடுவில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பரிமாறும்போது.

2003இல் கேனான் வெளியிட்ட 300டி, ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் பெரிய கேமரா). உடல் மட்டும் 899 டாலர். அதற்குச் சில மாதங்கள் முன்பு 1,499 டாலருக்கு வந்த 10டியின் அதே 6.3 மெகாபிக்சல் சென்சார் இதிலும் இருந்தது. மென்பொருளில் சில வசதிகளைப் பூட்டிவைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் ரஷ்யாவிலிருந்து ஒரு மாற்று மென்பொருள் சுற்றுக்கு வந்தது. அதை ஏற்றினால் பிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, மங்கிய வெளிச்சத்தில் எடுக்க உதவும் கூடுதல் ஐஎஸ்ஓ எல்லாம் முளைத்துவிட்டன. பொருள் உள்ளே இருந்திருக்கிறது, சாவி மட்டும்தான் தரப்படவில்லை! பிற்பாடு கேனானின் சின்னக் கேமராக்களுக்காக ஆர்வலர்கள் எழுதிய சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளும் இதே வேலையைச் செய்தது. சுருக்கிய ஜேபெக் படம் மட்டுமே தரும் கேமராவில், சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பு எடுக்க வைத்தது.

கீழ்மட்ட மாடல்களில் எதையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள்?

கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது கண்ணில் படாதவற்றைத்தான். 2018இல் இந்தியாவில் இஓஎஸ் 3000டி என்ற பெயரில் வந்த கேனான் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மாட்டும் வளையம் பிளாஸ்டிக். தனி ஆன் ஆஃப் பொத்தான் இல்லை, மோடு சக்கரத்தைத் திருப்பித்தான் அணைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிளாஷ் தானாக எழாது, நகத்தால் நெம்ப வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும் சின்னச் சக்கரம், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் பக்கத்தில் அநேகமாக எல்லா டிஜிட்டல் எஸ்எல்ஆரிலும் இருக்கும், அதுவும் இல்லை. இந்தச் சக்கரத்துக்கு என்ன செலவாகிவிடும்? நாற்பது வயதைத் தாண்டி முதல் கேமரா வாங்குகிறவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்!

எனக்கு மிகவும் கசந்த உதாரணம் 2019இல் இங்கே 200டி மார்க் 2 என்று விற்கப்பட்ட கேனான் மாடல். கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் தடத்தில், நடுவில் ஒரு வட்டப் புள்ளி உண்டு. எந்த நிறுவனத்தின் எளிய பிளாஷ் என்றாலும் அந்தப் புள்ளி வழியாகத்தான் ‘இப்போது எரி’ என்ற சைகை போகும். பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலான கேமராக்களுக்குப் பொதுவாக இருந்த ஏற்பாடு அது. இந்த மாடலில் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். கேனானின் சொந்தப் பிளாஷும் அதன் மொழி தெரிந்த சில பிளாஷ்களும் எரியும். இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் எளிய பிளாஷ் எரியாது. ஒற்றை ஒளியை வைத்துக்கொண்டு பழகிப் பார்க்க நினைக்கும் மாணவருக்குத்தான் அந்த எளிய பிளாஷ் தேவைப்படும். அவரைத்தான் இது தடுக்கிறது.

நிக்கானும் யோக்கியம் இல்லை. 2006இல் வந்த டி40 அருமையான சின்னக் கேமரா, 6.1 மெகாபிக்சல்தான் என்றாலும் படங்கள் இன்றும் அழகாக இருக்கும். ஆனால் பழைய லென்ஸ்களைத் திருகி ஃபோகஸ் செய்யும் மோட்டாரை உடலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மலிவான 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 டி லென்ஸை ஆசையாக வாங்கி மாட்டினால் ஃபோகஸ் கையால்தான். இந்த உடலின் விலைக்கு ஒத்துப்போகும் லென்ஸ் அதுதான், அதுதான் ஒத்துழைக்காது.

2019இல் கேனான் 90டியை வெளியிட்டபோது வீடியோவில் சினிமாவுக்கு வழக்கமான விநாடிக்கு 24 பிரேம் என்ற தேர்வு இல்லை. குறும்படம் எடுக்கிறவர்கள் கூச்சல் போட்டார்கள். பிறகு மென்பொருள் வழியாக அது வந்து சேர்ந்தது. அப்படியென்றால் முதலில் ஏன் இல்லை? 2023இல் வந்த கேனான் ஆர்100இல் திரை தொடுதிரை இல்லை, மடங்கவும் மடங்காது. ஏழாயிரம் ரூபாய் கைபேசி வைத்திருக்கிற பிள்ளை அதைக் கையில் வாங்கினால் முதலில் திரையைத்தான் தட்டிப் பார்க்கும்.

வியாபாரம் என்றால் அப்படித்தானே? இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

செலவைக் குறைக்க ஒன்றை எடுத்தால் எனக்குக் கோபமில்லை. உலோக வளையத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வளையம் என்றால் விலை குறைகிறது, எடையும் குறைகிறது, நியாயம். கேனானின் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1990இல் வந்தது. வளையம் முதல் உடல் வரை பிளாஸ்டிக், எடை 130 கிராம்தான். ஃபோகஸ் செய்யும்போது கரப்பான் பூச்சி ஓடுவதுபோல் ஓசை வரும். கண்ணாடியில் மட்டும் கை வைக்கவில்லை. 2015 வரை அதை விற்றார்கள். எத்தனையோ கல்யாணப் போட்டோகிராபர்களின் முதல் நல்ல லென்ஸ் அதுதான்.

மேல் மாடலைக் காப்பாற்றுவதற்காகக் கீழ் மாடலை மொட்டையாக்குவது வேறு ரகம். அங்கே நிறுவனத்துக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை, வாங்கியவருக்குத்தான் இழப்பு.

லென்ஸ் விஷயத்திலும் இப்படி உண்டா?

அங்கேதான் பணம். கேமரா உடல் தூண்டில், லென்ஸ்தான் மீன்பிடிப்பு. சோனி தன் இ மவுன்ட்டின், அதாவது உடலில் லென்ஸை மாட்டும் அமைப்பின், விவரங்களை 2011இலேயே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சிக்மா, டாம்ரான் போன்ற லென்ஸ் நிறுவனங்கள் எல்லாம் அதற்கு லென்ஸ் செய்து குவித்தன. அதனால் சோனியின் சுமாரான உடலுக்கும் நல்ல மதிப்பு ஏற்பட்டது. கேனான் தன் ஆர்எஃப் மவுன்ட்டை இறுக்கி மூடியது. 2022இல் வில்ட்ராக்ஸ் என்ற சீன நிறுவனம் தன் ஆர்எஃப் லென்ஸ்களை நிறுத்த நேர்ந்தது. 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமம் கிடைத்தது, அதுவும் சிறிய சென்சார் உடல்களுக்கான லென்ஸ்களில் தொடங்கி.

முதல் கேமரா வாங்கும்போது உடலின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு இரண்டாவதாக வாங்கப்போகும் லென்ஸ் என்ன விலை என்று கடையிலேயே கேளுங்கள். உடலோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸோடு யாரும் நின்றுவிடுவதில்லை.

இணையத்தில் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு ‘48 மெகாபிக்சல், 4கே’ கேமரா விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் சித்தி மகன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். நிறுவனத்தின் பெயரை விடுங்கள், அடுத்த மாதம் அதே பொருள் வேறு பெயரில் வரும். பார்ப்பதற்கு எஸ்எல்ஆர் போலவே இருந்தது. லென்ஸைச் சுற்றி வரிவரியான ரப்பர் வளையம். திருப்பினால் சுகமாகத் திரும்பியது. திரையில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நாலு திருகாணிகளைக் கழற்றிப் பார்த்ததில் அந்த வளையம் எதோடும் இணைக்கப்படவில்லை. நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு லென்ஸ், பின்னால் கைபேசியில் செல்ஃபிக்குப் போடுகிற மாதிரி ஒரு சென்சார். மிச்ச இடமெல்லாம் காற்று. கைக்குக் கனமாக இருக்கட்டும் என்று அடியில் ஒரு இரும்புத் தகட்டை ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

திரும்ப மூடி, சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்துப் பார்த்தோம். வியாழக்கிழமைத் தாள். 8 மெகாபிக்சலில் ஒரு படம், 48 மெகாபிக்சலில் ஒரு படம். கணினியில் இரண்டையும் பெரிதாக்கினால் பெரிய தேதி எண் இரண்டிலும் தெரிகிறது. ‘இராகு காலம் 1.30 – 3.00’ என்ற வரி இரண்டிலும் ஒரே மாதிரி மசமசவென்று கிடக்கிறது. மாறியது கோப்பின் அளவு மட்டும்தான். சென்சார் தராத புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் இட்டு நிரப்பியிருக்கிறது. பழைய நூல்களில் இடைச்செருகல் பாட்டு என்பார்களே, அது இதுதான். பார்க்க அசல் மாதிரி இருக்கும், கவி எழுதியிருக்க மாட்டார்.

பொத்தானை அழுத்தியதற்கும் படம் விழுந்ததற்கும் நடுவில் இருந்த தாமதத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை படத்தை விட்டே வெளியே போயிருந்தது. “அண்ணா, அப்படியானால் பெட்டியில் போட்டிருப்பது பொய்யா?” என்று சித்தி மகன் கேட்டான். பொய் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். 48 மெகாபிக்சல் கோப்பைத்தான் அது உண்மையிலேயே தருகிறதே!

அப்படியென்றால் எத்தனை மெகாபிக்சல் இருந்தால் போதும்?

ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு இரண்டேகால் மெகாபிக்சல் போதும். ஏ4 தாள் முழுக்க அச்சிட 9. இதற்கு மேல் சென்சாரின் பரப்பளவைப் பாருங்கள். சின்னக் கேமராக்களில் சாதாரணமாக வருவது சுமார் 28 சதுர மில்லிமீட்டர். பெரும்பாலான எஸ்எல்ஆர்களில் வரும் ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு 330 முதல் 370 வரை. விலை உயர்ந்த கேமராக்களில் வரும் முழுச்சட்டகம் 864. வெளிச்சத்தைப் பிடிப்பதில் இது, முற்றத்தில் மழைநீர் பிடிக்க டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். கேனானே 2009இல் தன் ஜி10இன் 14.7 மெகாபிக்சலை ஜி11இல் 10 ஆகக் குறைத்தது. அதிகரித்துக்கொண்டே போனது வீண் என்று ஒரு நிறுவனம் வாய்விட்டுச் சொல்லாமல் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது.

பெட்டியில் கோடாக் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

பெயரை மட்டும் நம்பாதீர்கள். 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவரே கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான். 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. பிலிம் விற்பனை கெட்டுவிடுமே என்று நிறுவனம் அதை வேகமாக வளர்க்கவில்லை. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. இப்போது சின்னக் கேமராக்களில் காணும் கோடாக் பெயர் வேறு நிறுவனங்கள் உரிமம் பெற்று ஒட்டுவது. போலராய்டு பெயருக்கும் இப்படிப்பட்ட உரிமக் கதைகள் உண்டு.

இதற்காக எல்லாமே மோசம் என்று எண்ண வேண்டாம். 2025இல் சார்மெரா என்று சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு கேமரா கோடாக் பெயரில் வந்தது. 30 டாலர், 1.6 மெகாபிக்சல். 1.6 என்று சொல்லியே விற்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அதைப் பிடித்திருக்கிறது. பிரவுனியின் பேத்தி என்று அதைச் சொல்லலாம்.

முன்பு எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு நல்ல சின்னக் கேமராக்கள் கிடைத்தனவே, அவை எங்கே போயின?

கைபேசி விழுங்கிவிட்டது. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்கில் 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி, அவற்றில் ஏறத்தாழ 10 கோடியே 90 லட்சம் லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கேமராக்கள். 2023இல் மொத்தமே 77 லட்சம், சின்னவை 17 லட்சம். காசியோ 2018இல் சின்னக் கேமராத் தொழிலை விட்டது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவையே விற்றுவிட்டது.

மிஞ்சிய நிறுவனங்கள் ஒரு முடிவுக்கு வந்தன: குறைவாக விற்போம், விலையாக விற்போம். கணக்குப்பிள்ளையின் பார்வையில் சரி. ஆனால் ஏணியின் முதல் இரண்டு படிகளைக் கழற்றிவிட்டார்கள். கைபேசிக்கு அடுத்த படி இன்று நாற்பது ஐம்பதாயிரத்தில் நிற்கிறது. நடுவே காலியான இடத்தில்தான் இரும்புத் தகடு ஒட்டிய அந்தப் பெட்டிகள் கடை விரித்திருக்கின்றன. என் சித்தி மகன் ஏமாந்ததற்கு விற்றவன் பாதிக் காரணம், அந்த விலையில் உருப்படியாக ஒன்றையும் விற்காமல் ஒதுங்கிக்கொண்ட பெரிய நிறுவனங்கள் மீதிப் பாதி.

பழைய சின்னக் கேமராக்களுக்கு இப்போது திடீர் மவுசு வந்திருக்கிறதே?

2000க்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கைபேசிப் படங்கள் சலித்துவிட்டன. எல்லோர் முகமும் இஸ்திரி போட்டதுபோல் இருக்கிறது. பழைய கேமராவின் பளீர் பிளாஷும் கொஞ்சம் பிசிறலும் அவர்களுக்குப் புதிது. தயவுசெய்து பரணில் இருப்பதைத் தேடி எடுங்கள், காசு கொடுத்து வாங்கும் முன்.

நிறுவனங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பதுதான் வேடிக்கை. 2016இல் அமெரிக்காவில் 210 டாலர் அளவில் விற்ற சின்னக் கேமரா ஒன்றைக் கேனான் 2025இல் மறுபடி வெளியிட்டது. அதே சென்சார், அதே லென்ஸ். சாதாரண மெமரி கார்டுக்குப் பதிலாக மைக்ரோ எஸ்டி. விலை 380 டாலரை ஒட்டி. ஒன்பது வருடம் கழித்து, ஒன்றைக் குறைத்து, விலையை ஏற்றி! பியூஜி இதைவிடச் சாமர்த்தியம். 1998 முதல், எடுத்ததும் படத்தைக் காகிதத்தில் தரும் இன்ஸ்டாக்ஸ் கேமராவைச் சகாய விலையில் கொடுத்துவிட்டு, படம் ஒன்றுக்கு நம்மிடம் ஐம்பது ரூபாய் போல வாங்கிக்கொண்டிருக்கிறது. தரம் என்று பார்த்தால் சாதாரணம்தான். ஆனாலும் கையில் ஒரு படம் வந்துவிடுகிறது, கேட்டவருக்கு அங்கேயே கொடுத்துவிடலாம். அந்த ஐம்பது ரூபாய் எனக்கு உறுத்தவில்லை.

குழந்தைக்குப் பொம்மைக் கேமரா வாங்கித் தரலாமா?

தாராளமாக. ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கட்டும். கீழே போட்டாலும் கவலையில்லை என்பதுதான் அதன் பெரிய வசதி.

மட்டமான கேமராவிலேயே கலைப்படம் எடுக்கிறார்களே?

ஹோல்காவைச் சொல்கிறீர்கள். 1982இல் ஹாங்காங்கில் உருவான பிளாஸ்டிக் கேமரா, சீனத்து உழைப்பாளிக் குடும்பங்களுக்காக நினைத்தது. உள்ளே வெளிச்சம் கசியும், ஓரம் இருளும். அந்தக் குறைகளையே சிலர் விரும்பித் தேட ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒன்று இருந்தது. முதல் சுருள் அதிசயமாக இருந்தது, நாலாவது சுருளில் எல்லாப் படமும் முதல் சுருள் மாதிரியே இருந்தது.

கையில் இருபத்தைந்தாயிரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

புதிதாக எதையும் வாங்காதீர்கள். நடுத்தர வரிசையில் ஏழெட்டு ஆண்டு பழைய எஸ்எல்ஆர் உடல் ஒன்றும் ஒரு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும் பயன்படுத்தியதாகப் பார்த்து வாங்குங்கள். அன்றைக்கு அறுபதாயிரத்துக்கு விற்ற உடலில் கண்ணாடிக்காரர்களுக்கான சக்கரமும் இருக்கும், பிளாஷ் தடத்தின் நடுப் புள்ளியும் இருக்கும். வாங்கும் முன் எத்தனை முறை ஷட்டர் இயங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் யோசியுங்கள். பேட்டரி வீங்கியிருக்கிறதா, மெமரி கார்டு செருகும் இடம் சேதமாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

லென்ஸைக் கடைக்குள் பார்த்தால் போதாது. இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து கைபேசி டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று புள்ளி இருந்தால் பரவாயில்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோர ஈரக்காற்றில் பீரோவில் பூட்டிவைத்த லென்ஸ்களில் உள்ளே சிலந்தி நூல் போல வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். விற்பவர் உடனே ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொல்வார். சுத்தம் செய்யும் கூலி அதைவிட அதிகம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.